இடுப்பாழத்தில் ஒரு துருக்கறை

மண்ணைப் பார்க்க இப்போது லாரி வருகிறது. அதன் முதுகில் ஒரு துளைக்கருவி. கடகடவென்று அது கொஞ்ச நேரம் ஓடினால் பூமியின் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அதைச் சீசாவில் அடைத்து, சீட்டு ஒட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் பையன்கள் டீ குடிக்கப் போகிறார்கள். ஒருவர் காலிலும் சேறு கிடையாது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், கொஞ்சம் பொறாமைதான். அந்தக் காலத்தில் மனை பார்த்தது எப்படி என்று அலுவலக மலருக்கு எழுதித் தரும்படி அந்தப் பையன்களே கேட்டார்கள். அச்சானபின் படிப்பார்களோ மாட்டார்களோ, கேட்டதற்கு மரியாதையாக எழுதுகிறேன்.

என் வேலை ஓவர்சியர் வேலை. பட்டணத்தின் தென்பக்கம் வீடுகள் பெருகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மாம்பலத்து ஏரியை வடித்துத் தெருப் போட்டிருந்தார்கள். சைதாப்பேட்டையிலிருந்து அடையாறு வரைக்கும் ஆற்றங்கரை மணலில் பங்களா கட்ட ஆளாளுக்கு ஆசை. இந்த மனையில் வீடு கட்டலாமா, தரை ஈரம் காக்குமா என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் பிரிவின் பொறுப்பு. நான் இதற்காகப் படித்த படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்ததில் பாதியை நானாக மறந்தேன். மீதியை ராவ் சார் மறக்கடித்தார்.

ராவ் சார் எங்கள் என்ஜினீயர். ஒல்லியான மனிதர், தலைப்பாகை, மூடிய கோட்டு, கெட்ட கோபம். மூக்குப்பொடி இல்லாமல் அவரால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. ஆனால் குழி பார்க்கிற நாளில் மட்டும் காலையிலிருந்தே பொடி போட மாட்டார். மண்ணை முகர்ந்து பார்க்க மூக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே குழி நாள் எது என்பதை ஆபீசில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசலில் நுழையும்போதே கடைநிலைச் சேவகனிலிருந்து ஹெட் கிளார்க் வரைக்கும் திட்டு வாங்கியிருப்பார்கள்.

குழி வெட்டுவது முனுசாமியும் அவன் தம்பியும். ஆழத்தை அவர்கள் உடம்பால்தான் சொல்வோம். வெட்டுகிறவன் உள்ளே நிற்கும்போது தரைமட்டம் அவன் முழங்காலுக்கு வந்தால் முழங்காலாழம், இடுப்புக்கு வந்தால் இடுப்பாழம், கழுத்துக்கு வந்தால் கழுத்தாழம். முனுசாமி சராசரி உயரம் என்பதால் பட்டணத்து மண்ணுக்கெல்லாம் அவனே அளவுகோல். "என் இடுப்புலதான் சார் இந்த ஊரே நிக்கிது" என்று பெருமையடித்துக்கொள்வான்.

குழி ஆனதும் ராவ் சார் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுப்பார். செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே இறங்குவார். வெயில் படுகிற பக்கத்துச் சுவரைக் காய் நறுக்கும் கத்தியால் மேலிருந்து கீழாக மெல்லச் சீவுவார். மண்வெட்டி பட்ட இடம் பூசினாற்போல் இருக்கும். சீவினால்தான் உண்மை நிறம் தெரியும். சீவிவிட்டுப் பேசாமல் நிற்பார். அப்போது நாமும் பேசக்கூடாது. பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்வார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "என்ன பாக்கிறே, சொல்லு" என்பார். நான் ஏதாவது அபிப்பிராயம் சொன்னால் தொலைந்தேன். "ஏமய்யா, நீ என்ன நினைக்கிறேன்னு நான் கேட்டேனா? என்ன பாக்கிறேன்னுதான் கேட்டேன்."

ஆற்றோரத்து மணலைப் பற்றி எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மணலில் தண்ணீர் நிற்காது என்பார்கள். நிற்காதுதான், போக இடம் இருந்தால். அடையாற்றங்கரையில் மணலுக்கு அடியில் களிமண். பக்கத்தில் ஆறு நிரம்பிவிட்டால் தண்ணீர் கீழேயும் போக முடியாது, பக்கத்திலும் போக முடியாது. மணலுக்குள்ளேயே மேலே ஏறும். சித்திரையில் தோண்டினால் ஒரு சொட்டு இருக்காது. ஆனால் தண்ணீர் வந்துபோன தடம் மண்ணில் இருக்கும். மேலே இலை மக்கிய கறுப்பு மணல். அதற்குக் கீழே சாரம் போன சாம்பல் நிறம். அந்தச் சாம்பலில், புல்வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கின மாதிரிச் செம்மஞ்சள் கறை. இன்னும் கீழே போனால் நீலம் பாய்ந்த மணல், முட்டை அழுகின நாற்றம். கறை எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதுவரைக்கும் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்று அர்த்தம். இடுப்பாழத்துக்குள் கறை கண்டால் அது ஈர மனை, அனுமதி இல்லை. இது ராவ் சார் போட்ட சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு முதலில் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு மயிலாப்பூர் வக்கீலிடம். ஆற்றங்கரையில் மனை வாங்கியிருந்தார். நல்ல கோடை. முழங்காலாழத்திலேயே கறை தெரிந்துவிட்டது. ராவ் சார் தலையை ஆட்டினார்.

வக்கீல் ஒரு கை மணலை அள்ளிக் காட்டினார். "பாரும் ஓய், சர்க்கரை மாதிரி உதிர்றது. இதைப் போய் ஈரம்ங்கறேரே!"

"இப்ப உதிரும். கார்த்திகையில வந்து அள்ளுங்க" என்றார் ராவ் சார்.

வக்கீல் வாதாடிப் பார்த்தார். ராவ் சார் அசையவில்லை. எங்களுக்கு மேலே யாரையோ பிடித்து அவர் வீட்டைக் கட்டியே விட்டார். கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிட்டார், வயிற்றெரிச்சல் படட்டும் என்றுதான். அந்த வருஷம் மழை ஒன்றும் பிரமாதமில்லை. ஆறு அவர் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மழை ஓய்ந்த பிறகு வக்கீல் வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபீசுக்கு வந்து நின்றார். "வெளியில மழை விட்டு நாலு நாளாறது சார். எங்காத்துக்குள்ள பூஜை அலமாரிக்குக் கீழே இப்பத்தான் ஊற ஆரம்பிச்சிருக்கு. இது எந்த ஊர் நியாயம்?"

ஆற்று மணலின் நியாயம் அதுதான். மேலே மழை நின்றபிறகுதான் அடியில் தண்ணீர் நிதானமாக ஏறும். ராவ் சார் அதை அவருக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் போனதும் இரண்டு சிமிட்டாப் பொடி சேர்த்துப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இலாகாவில் அவர் சட்டத்தை எதிர்த்துப் பேச ஆளில்லை. நிறம் பொய் சொல்லாது என்பது எங்களுக்கு வேதவாக்காகிவிட்டது. சிக்கல் வந்ததும் அதனால்தான்.

அமீர் சாயபு புத்தகம் பைண்டு செய்கிறவர். எங்கள் ஆபீசுக்கும் அவர்தான் பைண்டர். அவர் உள்ளே வந்தால் பசைவாசனை முன்னால் வரும். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர். வீட்டில் உருது, வெளியில் எங்களைவிட நல்ல மெட்ராஸ் தமிழ். சைதாப்பேட்டையில் ஆற்றுக்குக் கீழ்ப்புறம் ஒரு தாழ்ந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார். மழை வந்தால் சுவரில் ஆளுயரத்துக்கு ஈரம் ஏறும். அவருடைய ஒரே பெண் மெஹரூனுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். குழந்தைக்கு இரைப்பு. ஐப்பசி பிறந்தால் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். முந்தின மழையில் குழந்தை பிழைத்ததே பெரிது. ஈரமில்லாத தரைக்குப் போகாவிட்டால் அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழைய மாம்பலத்து ஏரிக்கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில், இப்போது நந்தனம் என்கிறார்களே அந்தப் பக்கத்தில், மனைகள் பிரித்துக் கொடுத்தார்கள். அமீர் சாயபுவுக்கும் ஒன்று ஒதுக்கினார்கள். நாங்கள் பார்த்துச் சரி சொன்னால் மனை அவருடையது. இல்லையென்றால் தோட்டத்துக்கு விட்டுவிடுவார்கள். மாற்று மனை கிடையாது.

ஆனி மாதம் குழி வெட்டினோம். அமீர் சாயபு ஓரமாக நின்றிருந்தார். முழங்காலாழம், தொடையாழம் வரை சுத்தமான மணல். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே முனுசாமியின் மண்வெட்டி நின்றது. "சார், இங்க மஞ்சா கீது" என்றான். குரலே இறங்கிவிட்டது.

ராவ் சார் இறங்கிச் சீவினார். சாம்பல் மணலில் செம்மஞ்சள் கறை, சரியாக இடுப்பாழத்தில். மேலே ஏறி வந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். "ஈரம்" என்றார்.

அமீர் சாயபு கெஞ்சவில்லை. "நீங்க நல்லா பாத்துட்டீங்களா சாப்?" என்று மட்டும் கேட்டார். ராவ் சார் ஆமாம் என்றார். அவர் சலாம் வைத்துவிட்டு நடந்து போனார்.

குழியை மூடுவதற்கு முன் இன்னும் ஆழமாக வெட்டிக் களி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது வழக்கம். அதற்காக நான் பின்தங்கினேன். கழுத்தாழம் போயிருப்பான், முனுசாமி மறுபடி நிறுத்தினான். "வேரு ஒண்ணு குறுக்க கீது சார். பச்ச வேரு. வெட்டிறவா?"

பக்கத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் வேர். உரித்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக ஈரப்பசையோடு இருந்தது. வேம்பு தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை. வருஷா வருஷம் இடுப்பாழம்வரை தண்ணீர் நிற்கிற இடத்தில் கழுத்தாழத்து வேர் அழுகியிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குப் பின்னாலேயே ஒரு கடல் மாதிரி ஏரி இருந்ததே! அந்த ஏரி கசிந்து கசிந்துதானே இந்த மணலெல்லாம் ஊறிக் கிடந்தது. ஏரி போய்விட்டது. கறை எங்கே போகும்?

ஓடிப் போய் ராவ் சாரிடம் சொன்னேன். அவர் ஆபீசில் அப்போதுதான் பொடி டப்பியைத் திறந்திருந்தார்.

"பழைய கறையா இருக்கலாம் சார்."

"இருக்கலாமா? அப்படி ஒரு வார்த்தை நம்ம ஆபீஸ்ல உண்டா?"

"இல்ல சார். ஆனா வேர் உயிரோட இருக்கு."

பொடியைத் திரும்ப டப்பியில் கொட்டி மூடினார். பார்த்த குழியை அவர் இரண்டாம் முறை பார்த்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் கண்டதில்லை. அன்று பார்த்தார். கறையை நகத்தால் சுரண்டினார். புதுக் கறை என்றால் விரலில் ஒட்டும். இது ஒட்டவில்லை, கடலைப்பருப்பு அளவுக் கட்டிகளாக இறுகி, சுற்றிலும் வெட்டினாற்போல் விளிம்போடு இருந்தது. மணலை முகர்ந்தார், நாற்றம் இல்லை. பிறகு சாம்பல் மணலில் ஒரு கட்டியைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போனார். தண்ணீரில் கிடக்கிற மணல் காற்றுப் பட்டால் பழுப்பாக மாறும். மறுநாள் கைக்குட்டையை என் மேஜைமேல் பிரித்தார். நிறம் மாறவே இல்லை.

ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "இதெல்லாம் போதாதய்யா" என்றார். "சரின்னு எழுதி, கார்த்திகையில தண்ணி வந்தா? வக்கீலுக்கு வேட்டிதான் நனைஞ்சுது. இது குழந்தை."

அன்று சாயங்காலம் அமீர் சாயபுவை அழைத்து இருவரும் விஷயத்தைச் சொன்னோம். அவர் முழுதும் கேட்டார். "சாப், நீங்க சரின்னு சொல்லி நாளைக்கு ஈரமாப் போச்சின்னா, எம் பொண்ண நானே தூக்கிக்கினு போய் தண்ணியில வெச்ச மாதிரி ஆவும். இல்லேன்னு சொன்னா இப்ப கீற எடத்துலயே கெடக்கணும். எனுக்கு தயவு வேணாம். நெசம் எதுவோ அது தெரிஞ்சா போதும்."

நிஜம் தெரிய ஒரே வழி மழையைக் கேட்பதுதான். ராவ் சார் சரியென்றும் எழுதவில்லை, இல்லையென்றும் எழுதவில்லை. மழைக்குப் பின் சொல்லப்படும் என்று எழுதினார். எழுதின சட்டத்தை எழுதினவரே தள்ளி வைக்கிறாரா என்று மேலதிகாரி துரை மேஜையைத் தட்டினாராம். தட்டட்டும் என்று இவர் வந்துவிட்டார். குழியைத் தலையாழத்துக்கும் கீழே வெட்டி, சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மணல் சரியாமல் ஒரு சின்ன உறைக்கிணறு மாதிரி ஆக்கினோம். மழை உள்ளே விழாமல் ஓலைத் தட்டியால் மூடினோம். தண்ணீர் பார்க்க ஒரு மூங்கில் கழி. முனுசாமியை அதன் பக்கத்தில் நிறுத்தி இடுப்பு, மார்பு, கழுத்து, தலை என்று கத்தியால் கீறிக்கொண்டோம். கால்பக்கத்து முனை தரைமட்டத்தில் நிற்கும்படி கழியைத் தலைகீழாக உள்ளே விட வேண்டும்.

ஐப்பசி வந்தது. குழந்தைக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது என்பது அமீர் சாயபுவின் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. நாங்கள் தினம் காலையில் போவோம். அவரும் வருவார். கழி தலையாழத்துக்கும் கீழேதான் நனைந்திருக்கும். பிறகு ஒரு புயல் மழை பிடித்தது. சைதாப்பேட்டைப் பாலத்தடியில் ஆறு மண்ணிறமாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள் என்று பேச்சு. மழை விட்ட காலையில் நாங்கள் போனபோது அமீர் சாயபு எங்களுக்கு முன்பே வந்து குழியருகே நின்றிருந்தார். கழி கையில் இருந்தது. உள்ளே விடவில்லை.

"எனுக்கு தெகிரியம் இல்ல சாப்" என்றார்.

நான் கழியை வாங்கி உள்ளே விட்டேன். தலையாழத்தில் நனைந்திருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ராவ் சார் என்னைப் பார்த்த பார்வையில் கால் தரையிலேயே நின்றது. "மழை நின்னாத்தான் அடியில ஏறும். மறந்துட்டியா?"

ஏறத்தான் செய்தது. மறுநாள் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே. அதற்கு மறுநாள் கழுத்து. அந்த நாட்களில் நான் சோறு தின்றேனா என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கழுத்துக் கீறலையும் தாண்டி விரலகலம் நனைந்த காலையில், அமீர் சாயபு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி முழுக்கக் குழந்தை தூங்கவில்லையாம், தாய் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்ததாம். ராவ் சார் அவர் பக்கத்தில், அந்த ஈர மணலில், கோட்டோடு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர், உட்காரத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் கழி அதே விரலகலத்தில் நின்றது. அதற்கடுத்த நாள் கழுத்துக் கீறல் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மார்புக் கீறலில் ஒரு பொட்டு ஈரம் படவில்லை. இடுப்புக் கறைக்கும் அந்த வருஷத்துத் தண்ணீருக்கும் எந்த உறவும் இல்லை. அப்பாடா என்று நாங்கள் மூன்று பேரும் விட்ட மூச்சு ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கூட வந்திருந்த முனுசாமி தன் மார்பைத் தட்டிக்கொண்டான். "நான் சொல்லல? நம்ம நெஞ்சைத் தாண்டி ஒண்ணும் வராது சார்!" அவன் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

ராவ் சார் மனைக்குச் சரி எழுதினார், தன் சட்டத்தையும் அடித்துத் திருத்தினார். கறை இறுகியிருக்கிறதா, விரலில் ஒட்டுகிறதா, நாற்றம் உண்டா, அதற்குக் கீழே உயிருள்ள வேர் உண்டா என்று பார்த்தபிறகே நிறத்தை நம்பவேண்டும் என்று எழுதிச் சேர்த்தார். நிறம் பொய் சொல்வதில்லை. பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும், நாம்தான் அதை இன்றைய சேதி என்று எடுத்துக்கொள்கிறோம். சீசாவில் அடைத்து அனுப்புகிற பையன்கள் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

அமீர் சாயபு வீடு கட்டினார். தரையை உயர்த்தி, இரண்டு அறையும் பின்னால் பைண்டு செய்ய ஒரு கொட்டகையும். அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் ராவ் சார் குடையோடு என் மேஜைக்கு வந்து, "வா, தரையைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். அங்கே போனதும் ராவ் சார் தெருவிலேயே நின்றுகொண்டார். பெண்கள் இருக்கிற வீடு, நீ போய்ப் பார்த்து வா என்று என்னை அனுப்பினார். நான் கதவைத் தட்டப் போனேன். அமீர் சாயபு உள்ளிருந்து விரலை உதட்டில் வைத்துக்கொண்டே ஓடிவந்து என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஈரமா?" என்றார் ராவ் சார்.

"குழந்தை தூங்குது சார்."

"ஏமய்யா, நான் அதையா கேட்டேன்? தரையைக் கேட்டேன்."

"தரையிலதான் சார் தூங்குது. பாய்கூட இல்ல. காலை நீட்டிக் குப்புறப் படுத்துத் தூங்குது."

அவர் திரும்பி நடந்தார், நானும் நடந்தேன். ஏரிக்கரை மேடு ஏறும்போதுதான், கொட்டுகிற மழையில் இரண்டு பேருமே குடையை விரிக்கவில்லை என்பது தெரிந்தது.